ரெப்போவில் ஓடுகிறது, பைப்பில் உடைகிறது: பைத்தான் லைப்ரரி ரிலீஸை எங்கே பிடித்துச் சரிசெய்வது

கேள்வியின் சாரம் இது. தமிழ்ச் சொற்களிலிருந்து வேர்ச்சொல்லைப் பிரித்துத் தரும் ஒரு சிறிய பைத்தான் லைப்ரரி. வேகத்துக்காக ஒரு பகுதி மட்டும் சைதனில் (பைத்தான் போன்ற நிரலை சி-க்கு மாற்றிக் கம்பைல் செய்ய வைக்கும் மொழி) எழுதப்பட்டிருக்கிறது. கிட் ரெப்போவில் டெஸ்ட் எல்லாம் பச்சை. 0.4.0 என்று பைபிஐ-யில் (பைத்தான் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியம்; பைப் என்ற நிறுவும் கருவி அங்கிருந்துதான் இறக்கும்) ஏற்றிய பிறகுதான் தலைவலி: ஒருவருக்கு ஒரு சப்-பேக்கேஜையே காணோம், இன்னொருவருக்கு அகராதி ஜேசன் கோப்பு இல்லை, விண்டோஸ்காரர் ஒருவருக்கு யூனிகோட் டிகோட் பிழை, ஆல்பைன் லினக்ஸ் டாக்கரில் நிறுவியவருக்கு ஜிசிசி என்ற சி கம்பைலர் இல்லை என்ற பிழை. திருத்திவிட்டு அதே 0.4.0-வை மறுபடி ஏற்றப் பார்த்தால் பைபிஐ ஏற்க மறுக்கிறது.

கடைசியில் சொன்னதை முதலில் முடித்துவிடலாம். பைபிஐ-யில் ஒருமுறை பயன்பட்ட கோப்புப் பெயரை, அந்தக் கோப்பை அழித்த பிறகும் மறுபடி பயன்படுத்த முடியாது. இது நல்லதற்குத்தான். ஊரெல்லாம் லாக் கோப்புகளில் (எந்த வெர்ஷனை நிறுவுவது என்று பூட்டி வைக்கும் பட்டியல்) அந்தப் பெயரோடு ஹாஷையும் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற குறியீடு) எழுதி வைத்திருக்கிறார்கள். அதே பெயரில் உள்ளடக்கம் மாறினால் அவர்களுடைய பில்ட் எல்லாம் விழும், திருட்டுத்தனமாகக் கோப்பை மாற்றுவதற்கும் வழி திறக்கும். ஆகவே 0.4.0-வை அழிக்க வேண்டாம், யாங்க் செய்யுங்கள். பெப் 592 (பெப் என்பது பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு) தந்த வசதி அது: யாங்க் செய்த வெர்ஷனை பைப் தானாகத் தேர்ந்தெடுக்காது, ஆனால் இரட்டைச் சமக்குறி போட்டு அதையே கேட்பவருக்குக் கிடைக்கும். யாங்க் செய்யும்போது காரணத்தையும் ஒரு வரி எழுதுங்கள். நிறுவுகிறவருடைய திரையில் அது எச்சரிக்கையாக வரும். திருத்தம் 0.4.1 ஆகப் போகட்டும்.

இனி மூலக் காரணம். பயனர் கைக்குப் போவது உங்கள் ரெப்போ இல்லை. நேராக நிறுவத் தயாரான வீல் ஒன்று, மூல நிரலைக் கட்டித் தரும் எஸ்டிஸ்ட் ஒன்று என இரண்டு கோப்புகள். உங்கள் டெஸ்ட் ஓடியது ரெப்போவில். ரெப்போவின் மேல்மட்டக் கோப்புறையில் நின்றுகொண்டு பைத்தானை அழைத்தால் பெரும்பாலும் நிற்கும் இடமே இம்போர்ட் பாதையில் முதலாவதாக நிற்கும். அதனால் நிறுவிய பேக்கேஜ் எவ்வளவு ஓட்டையாக இருந்தாலும் இம்போர்ட் உங்கள் மூலக் கோப்புறையிலிருந்தே நடந்துவிடும். எடிட்டபிள் இன்ஸ்டால் (மூலக் கோப்புறையையே சுட்டும் நிறுவல்) செய்திருந்தாலும் அதே கதைதான். ஆகவே பிழை தேடவேண்டிய இடம் அந்த இரண்டு கோப்புகள்.

பில்ட், டிஸ்ட் கோப்புறைகளையும் எக்-இன்ஃபோ என்று முடியும் கோப்புறையையும் முதலில் அழித்துவிடுங்கள். பலரும் தாண்டிப்போகும் படி இதுதான். பில்ட் செய்யும் கருவியான செட்டப்டூல்ஸ் பழைய பில்ட் கோப்புறையைத் துடைப்பதில்லை. போன மாதம் ரெப்போவிலிருந்து நீக்கிய மாட்யூல் அங்கே கிடந்தால் இன்றைய வீலிலும் ஏறிவிடும். எக்-இன்ஃபோவுக்குள் இருக்கும் சோர்சஸ் பட்டியல் இன்னும் குழப்பக்கூடியது: முன்பு பட்டியலில் இருந்த கோப்பை அது மறுபடி சேர்த்துக்கொள்ளும், உங்கள் கணினியில் எல்லாம் சரியாகத் தெரியும், புதிதாகக் குளோன் செய்யும் சிஐ-யில் (டெஸ்டையும் பில்டையும் தானாக ஓட்டும் சேவை) மட்டும் கோப்பு விடுபடும்.

துடைத்தபின் ‘பைத்தான் -எம் பில்ட்’. இந்தக் கட்டளைக்கு எந்த ஆப்ஷனும் கொடுக்காதீர்கள். ஆப்ஷன் இல்லாமல் ஓட்டினால் முதலில் எஸ்டிஸ்ட் உருவாகும், பிறகு அந்த எஸ்டிஸ்டை விரித்து அதிலிருந்து வீல் உருவாகும். எஸ்டிஸ்டில் ஒரு கோப்பு விடுபட்டிருந்தால் வீலிலும் விடுபடும், ஓட்டை அப்போதே தெரியும். எஸ்டிஸ்ட், வீல் இரண்டுக்கும் தனித்தனி ஆப்ஷன் சேர்த்து அழைத்தால் வீல் நேரடியாக ரெப்போவிலிருந்து உருவாகி அந்த ஓட்டையை மறைத்துவிடும்.

வீல் என்பது ஒரு ஜிப் கோப்புதான். ‘பைத்தான் -எம் ஜிப்ஃபைல் -எல்’ என்று கொடுத்து வீலின் பெயரைச் சேர்த்தால் உள்ளே இருப்பதெல்லாம் வரிசையாக வரும். எஸ்டிஸ்டுக்கு டார் கட்டளை. அந்தப் பட்டியலையும் ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்’ தரும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் நான்கு பிழைகளில் இரண்டு இந்த இடத்திலேயே கண்ணில் படும்.

சப்-பேக்கேஜ் காணாமல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் பேக்கேஜஸ் என்ற பட்டியலில் மேல்மட்டப் பெயர் ஒன்றை மட்டும் எழுதியிருப்பது. செட்டப்டூல்ஸ் அதன் அடியில் இருப்பதைத் தானாக எடுக்காது. ஒவ்வொரு சப்-பேக்கேஜையும் எழுத வேண்டும், அல்லது ஃபைண்ட் என்ற தேடலிடம் ஒப்படைக்க வேண்டும். பழைய செட்டப்.பை கோப்பில் ஃபைண்ட்-பேக்கேஜஸ் போட்டிருந்தும் காணவில்லை என்றால், அந்தக் கோப்புறையில் ‘இது பேக்கேஜ்’ என்று காட்டும் இனிட் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத கோப்புறையை அந்தத் தேடல் தாண்டிவிடும். ரெப்போவிலிருந்து இம்போர்ட் செய்யும்போது மட்டும் பைத்தான் 3 அதை நேம்ஸ்பேஸ் பேக்கேஜாக ஏற்றுக்கொள்வதால் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை.

செட்டப்டூல்ஸ் 61 முதல் தானியங்கித் தேடலும் உண்டு. ரெப்போவின் மேல்மட்டத்தில் உங்கள் பேக்கேஜோடு ‘அகராதி’ போல இன்னொரு கோப்புறையும் இருந்தால், பல மேல்மட்ட பேக்கேஜ்கள் தெரிகின்றன என்று சொல்லி அது நின்றுவிடும். எஸ்ஆர்சி என்ற கோப்புறைக்குள் பேக்கேஜை நகர்த்துங்கள் என்பதே என் பரிந்துரை. தேடல் குழப்பமும் தீரும், மேலே சொன்ன ‘நிற்கும் இடத்திலிருந்து இம்போர்ட்’ மயக்கமும் தீரும். நகர்த்த மனமில்லாவிட்டால் தேடலுக்கு எக்ஸ்க்ளூட் கொடுக்கலாம், ஆனால் ‘டெஸ்ட்ஸ்’ என்று மட்டும் எழுதினால் போதாது. நட்சத்திரக் குறியோடு எழுதாவிட்டால் அதன் அடியிலுள்ள சப்-பேக்கேஜ்கள் வீலுக்குள் போய்விடும். அப்படிப் போன டெஸ்ட்ஸ் கோப்புறை பயனரின் சைட்-பேக்கேஜஸில் (பேக்கேஜ்கள் நிறுவப்படும் கோப்புறை) மேல்மட்டத்தில் உட்கார்ந்துகொள்ளும். இதே தவறைச் செய்த வேறொரு லைப்ரரியும் அங்கே இருந்தால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று எழுதிக்கொள்ளும், ஒன்றை நீக்கும்போது மற்றதன் கோப்பும் சேர்ந்து போகும்.

அடுத்து ஜேசன் கோப்பு. இரண்டு கேள்விகள் கேளுங்கள். கோப்பு பேக்கேஜ் கோப்புறைக்கு உள்ளே இருக்கிறதா? ரெப்போவின் மேல்மட்டத்தில் கிடக்கும் டேட்டா கோப்புறை தானாகப் பேக்கேஜுக்குள் வராது, உள்ளே நகர்த்துவதே எளிய வழி. டேட்டா-ஃபைல்ஸ் என்ற பழைய விசைப்பெயர் இதற்கானது போலத் தோன்றும். அது கோப்பைப் பைத்தான் நிறுவப்பட்ட அடிக்கோப்புறையில் எங்கோ கொண்டுபோய்ப் போடும், தொடாதீர்கள். இரண்டாவது, எந்தக் கோப்பு வழியாக அமைக்கிறீர்கள்? பைப்ராஜெக்ட்.டாமல் வழியாக என்றால் இன்க்ளூட்-பேக்கேஜ்-டேட்டா (பேக்கேஜின் டேட்டா கோப்புகளையும் சேர்க்கும் அமைப்பு) இயல்பாகவே ஆன். செட்டப்.பை, செட்டப்.சிஎஃப்ஜி வழியாக என்றால் இயல்பாக ஆஃப். ஆன் ஆக இருந்தாலும், எஸ்டிஸ்டில் சேர வேண்டியதைப் பட்டியலிடும் மேனிஃபெஸ்ட்.இன் கோப்பிலோ கிட் வழிச் செருகியிலோ அந்தக் கோப்பு சொல்லப்பட்டிருந்தால்தான் வரும். மேனிஃபெஸ்டில் எழுதிவிட்டு, ஆஃப் ஆக இருப்பதைக் கவனிக்காமல் விடுவதால் எஸ்டிஸ்டில் கோப்பு இருக்கும், வீலில் இருக்காது. நேரடியாக பேக்கேஜ்-டேட்டா அட்டவணையில் ‘டேட்டா/*.ஜேசன்’ என்று எழுதிவிடுவது தெளிவானது. வெறும் ‘*.ஜேசன்’ போதாது, அது டேட்டா கோப்புறைக்குள் இறங்காது. டைப் குறிப்புகள் தருகிறீர்களானால் பை.டைப்டு என்ற வெற்றுக் கோப்பையும் இதே வரியில் சேருங்கள்; அது விடுபட்டால் டைப் சரிபார்க்கும் கருவியான மைபை உங்கள் டைப் குறிப்புகளைப் பொருட்படுத்தாது.

செட்டப்டூல்ஸுக்குப் பதில் ஹாட்ச்லிங் பயன்படுத்துகிறவர்களுக்கு வேறு பொறி. அது கிட்இக்னோர் கோப்பைப் பார்த்து, அதில் விலக்கியவற்றைத் தானும் விலக்கும். பில்ட் நேரத்தில் உருவாக்கும் அகராதிக் குறியீட்டுக் கோப்பை கிட்டில் சேர்க்காமல் விலக்கி வைத்திருந்தால் வீலிலும் இருக்காது. ஆர்டிஃபாக்ட்ஸ் என்ற அமைப்பில் அதைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

கோப்பு சேர்ந்த பிறகு அதைப் படிக்கும் வரியையும் மாற்றுங்கள். நடப்புக் கோப்புறையை ஒட்டிய பாதையில் திறந்தால் ரெப்போவுக்கு வெளியே உடையும். இம்போர்ட்லிப்.ரிசோர்சஸ் தரும் ஃபைல்ஸ் செயற்கூறு பைத்தான் 3.9 முதல் நிலையான நூலகத்திலேயே இருக்கிறது. பேக்கேஜ் பெயரைக் கொடுத்து அதிலிருந்து டேட்டா கோப்புக்கு இறங்கி ரீட்-டெக்ஸ்ட் அழையுங்கள், என்கோடிங் யுடிஎஃப்-8 என்று கட்டாயம் குறிப்பிடுங்கள்.

விண்டோஸ் பிழைக்குப் பதிலும் அந்தக் கடைசிச் சொல்தான். என்கோடிங் சொல்லாமல் கோப்பைத் திறந்தால் விண்டோஸில் பைத்தான் அந்தக் கணினியின் கோட்பேஜை (எழுத்துக் குறியீட்டு அட்டவணை) எடுத்துக்கொள்ளும். இந்திய ஆங்கில அமைப்பில் அது வழக்கமாக 1252. தமிழ் எழுத்துக்கு யுடிஎஃப்-8-இல் மூன்று பைட். புள்ளிக்கு, அதாவது மெய்யெழுத்தின் தலையில் நிற்கும் அதற்கு, மூன்றாவது பைட் பதினாறின் கணக்கில் 8டி. கோட்பேஜ் 1252-இல் 8டி என்ற இடம் காலி. அதனால் ‘கேரக்டர் மேப்ஸ் டு அன்டிஃபைன்டு’ என்ற பிழை. புள்ளி இல்லாத தமிழ்க் கோப்பு எங்கும் இருக்காது என்பதால் முதல் சில சொற்களிலேயே இது விழுந்துவிடும்; ஏ, ஐ எழுத்துகளும் இதே வகை. பிரெஞ்சு, ஜெர்மன் கோப்பு வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் பிழையே வராமல் எழுத்து மட்டும் சிதையும், ஆகவே நமக்கு உடனே தெரிவது ஒரு வகையில் நல்லதே. பெப் 686-இன்படி பைத்தான் 3.15 முதல் யுடிஎஃப்-8 இயல்பாகிறது. அதற்கு முந்தைய வெர்ஷன்களையும் நீங்கள் ஆதரிக்கும்வரை என்கோடிங்கை எழுதித்தான் ஆக வேண்டும். செட்டப்.பை கோப்பில் தமிழ் ரீட்மீ-யைப் படிக்கும் வரி இருந்தால் அதிலும் பாருங்கள். அங்கே விழுந்தால் நிறுவலே நடக்காது.

இப்போது சைதன் பகுதி. இதில்தான் அதிக நேரம் செலவாகும்.

பைப் எஸ்டிஸ்டிலிருந்து பில்ட் செய்யும்போது, பெப் 517-இன்படி ஒரு தற்காலிகச் சூழலை உருவாக்கி, பைப்ராஜெக்ட் கோப்பின் பில்ட்-சிஸ்டம் பகுதியில் ரிக்வயர்ஸ் என்று நீங்கள் எழுதியதை மட்டும் அதில் நிறுவும். உங்கள் கணினியில் சைதன், நம்பை எல்லாம் இருப்பது அங்கே செல்லாது. வெர்ஷன் எண்ணை எடுப்பதற்காக செட்டப்.பை உங்கள் சொந்த பேக்கேஜையே இம்போர்ட் செய்தால், அது தன் டிபென்டன்சிகளை (தனக்குத் தேவையான பிற லைப்ரரிகள்) தேடி அங்கேயே விழும். வெர்ஷனை பைப்ராஜெக்ட் கோப்பில் நேராக எழுதுங்கள். ஓடும்போது தேவைப்பட்டால் இம்போர்ட்லிப்.மெட்டாடேட்டா மூலம் கேட்டுக்கொள்ளலாம். பழைய பில்ட் நூலகமான டிஸ்ட்யூட்டில்ஸை நேரடியாக இம்போர்ட் செய்யும் வரி இருந்தால் அதையும் செட்டப்டூல்ஸுக்கு மாற்றுங்கள். பைத்தான் 3.12 நிலையான நூலகத்திலிருந்து டிஸ்ட்யூட்டில்ஸை நீக்கிவிட்டது.

அந்த ரிக்வயர்ஸ் வரியில் வெர்ஷன் எல்லை இல்லாமல் விடுவதன் விலை 2023 ஜூலையில் நன்றாகத் தெரிந்தது. சைதன் 3.0 வெளிவந்தது, பையாம்ல் என்ற லைப்ரரியின் எஸ்டிஸ்டில், பில்ட் தேவையில் சைதனுக்கு மேல் எல்லை இல்லை. தனக்கேற்ற வீல் இல்லாமல், எஸ்டிஸ்டிலிருந்து பில்ட் செய்ய வேண்டியிருந்த எல்லோருக்கும் ‘சைதன்-சோர்சஸ்’ என்ற பண்பு இல்லை என்று ஒரு பிழை. புதிய பைத்தானில் பழைய 5.4.1-ஐயே வேண்டும் என்று பூட்டி வைத்திருந்தவர்கள் இதில் மாட்டினார்கள். பையாம்ல் தன் வரிசையில் 6.0.1 விட்டு சைதன் 3-க்குக் கீழ் என்று எல்லை கட்டியது. ஏற்கெனவே பைபிஐ-யில் இருந்த 5.4.1 எஸ்டிஸ்டை யாராலும் திருத்த முடியாது. ஆகவே பில்ட் தேவைக்கு மேல் எல்லை கட்டுங்கள். ஓடும்போதைய டிபென்டன்சிக்கு நேர்மாறாகச் சொல்வேன்: லைப்ரரியில் மேல் எல்லை கட்டினால், வேறு லைப்ரரிகளோடு சேர்த்து நிறுவுகிறவர் ரிசால்வரில் (ஒன்றோடொன்று ஒத்துப்போகும் வெர்ஷன்களைத் தேடும் பகுதி) மாட்டிக்கொள்வார். ரிக்வயர்ஸ்-பைத்தானில் ‘3.14-க்குக் கீழ்’ என்று எழுதுவது அதைவிட மோசம். 3.14 வைத்திருப்பவருக்குப் பைப் பிழை சொல்லி நிற்காது. அந்த எல்லை எழுதப்படாத ஏதோ ஒரு பழைய ரிலீஸைத் தேடிப்பிடித்து நிறுவிவிடும்.

ஆல்பைன்காரர் ஜிசிசி கேட்டு விழுந்ததற்குக் காரணம், அவருக்கேற்ற வீல் பைபிஐ-யில் இல்லை. லினக்ஸ் வீல்களுக்கு மெனிலினக்ஸ் என்ற டேக் (எந்த அமைப்புக்கான வீல் என்று கோப்புப் பெயரில் சொல்லும் குறி) வேண்டும். உங்கள் கணினியில் உருவாகும் வெறும் லினக்ஸ் டேக் கொண்ட வீலை பைபிஐ ஏற்காது. மெனிலினக்ஸ்2014 என்பது சென்ட்ஓஎஸ் 7-ஐ அடிப்படையாகக் கொண்டு ஜிலிப்சி என்ற சி நூலகத்தின் 2.17-ஐக் குறைந்தபட்சமாக வைப்பது. அந்த சென்ட்ஓஎஸ் 2024 ஜூனோடு ஓய்ந்துவிட்டதால் இன்று புதிதாகத் தொடங்குவோர் மெனிலினக்ஸ் 2_28-ஐ எடுக்கலாம். ஆல்பைனில் ஜிலிப்சி இல்லை, மசல் என்ற வேறு சி நூலகம். அதற்குத் தனியாக மசல்லினக்ஸ் டேக், பெப் 656. இதையெல்லாம் கையால் செய்ய முயலாதீர்கள். சிஐபில்ட்வீல் என்ற கருவி, உரிய கன்டெய்னருக்குள் ஒவ்வொரு பைத்தான் வெர்ஷனுக்கும் பில்ட் செய்து, ஆடிட்வீல் மூலம் வெளி நூலகங்களை வீலுக்குள் நகலெடுத்து, டேக்கைச் சரியாக இடும். மேக்கில் அந்த வேலையை டெலோகேட் பார்க்கும். விண்டோஸில் வெளி டிஎல்எல் எதையும் நீங்கள் இணைக்காவிட்டால் கூடுதலாக எதுவும் தேவையில்லை.

சைதன் பகுதி இல்லாமலும் தூய பைத்தானில் மெதுவாக ஓடும் என்றால் எக்ஸ்டென்ஷனில் ஆப்ஷனல் என்று குறிக்கலாம். கம்பைலர் இல்லாத இடத்தில் அதை விட்டுவிட்டு நிறுவல் தொடரும். இந்த வசதி சிஐ-யில் திருப்பி அடிக்கும். கம்பைல் தோற்றாலும் பில்ட் பச்சையாகவே முடியும், வேகப்பகுதி இல்லாத வீல் பிளாட்ஃபார்ம் டேக்கோடு பைபிஐ ஏறும், பயனர் ‘ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது’ என்று கேட்கும்வரை யாருக்கும் தெரியாது. சூழல் மாறி ஒன்றை வைத்து சிஐ-யில் மட்டும் ஆப்ஷனலை அணைத்துவிடுங்கள். சிஐபில்ட்வீலின் டெஸ்ட்-கமாண்டிலும் சைதன் மாட்யூலைப் பெயர் சொல்லி இம்போர்ட் செய்ய வையுங்கள்.

ஏற்றும் வழிக்கு வருவோம். பைபிஐ டோக்கனை ரெப்போ ரகசியத்தில் வைத்து ட்வைன் என்ற ஏற்றும் கருவியால் ஏற்றுகிறீர்கள் என்றால் டிரஸ்டட் பப்ளிஷிங்குக்கு மாறுங்கள். 2023 ஏப்ரலில் பைபிஐ கொண்டுவந்தது. கிட்ஹப்பின் சிஐ-யான கிட்ஹப் ஆக்ஷன்ஸ் தன் அடையாளத்தை பைபிஐ-க்கு நிரூபிக்கும், பதிலுக்குக் குறுகிய ஆயுளுள்ள டோக்கன் ஒன்று கிடைக்கும், திருடுபோக நிரந்தர ரகசியம் எதுவும் இருக்காது. ‘இன்வேலிட் பப்ளிஷர்’ என்று மறுத்தால் நான்கு பெயர்களை ஒப்பிடுங்கள்: உரிமையாளர், ரெப்போ, வொர்க்ஃப்ளோ கோப்பின் பெயர், என்விரான்மென்ட். கடைசியது ஒரு பக்கம் எழுதி மறுபக்கம் விடுபட்டிருப்பதே அடிக்கடி காணும் குறை. வொர்க்ஃப்ளோவில் ஐடி-டோக்கனுக்கு எழுதும் அனுமதியும் வேண்டும், அதை ஏற்றும் ஜாபுக்கு மட்டும் கொடுங்கள். பில்ட் ஒரு ஜாப், ஏற்றுவது தனி ஜாப். எல்லா வீல்களும் எஸ்டிஸ்டும் தயாரான பிறகு ஒரே மூச்சில் ஏற்றுங்கள். எஸ்டிஸ்ட் முதலில் போய், வீல்கள் அரைமணி கழித்துப் போனால் அந்த இடைவெளியில் நிறுவுகிறவர் எல்லோரும் கம்பைல் செய்ய வேண்டியிருக்கும்.

வெர்ஷனை கிட் டேகிலிருந்து எடுக்கும் செட்டப்டூல்ஸ்-எஸ்சிஎம் வைத்திருந்தால், ஆக்ஷன்ஸின் செக்அவுட் இயல்பாக ஒரே ஒரு கமிட்டைத்தான் இறக்கும் என்பதை நினைவில் வையுங்கள். பிராஞ்ச் பில்டில் டேக் தெரியாமல் 0.1.டெவ் என்று தொடங்கிக் கூட்டல் குறியோடு முடியும் ஒரு வெர்ஷன் பிறக்கும், கூட்டல் குறியுள்ள லோக்கல் வெர்ஷனை பைபிஐ ஏற்காது. ஃபெட்ச்-டெப்த் பூஜ்யம் என்று கொடுத்தால் முழு வரலாறும் வரும்.

லைசென்ஸ் வரியிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. பெப் 639-இன்படி எம்ஐடி போன்ற குறியீட்டை நேரடிச் சரமாக எழுதுவதே இப்போதைய முறை. செட்டப்டூல்ஸ் 77 முதல்தான் அது செல்லும், ஆகவே பில்ட் தேவையில் அந்தக் குறைந்தபட்சத்தையும் எழுதுங்கள். புதிய மெட்டாடேட்டாவைப் பழைய ட்வைன் ‘லைசென்ஸ்-ஃபைல்’ என்ற புலம் தெரியாது என்று திருப்பி அனுப்பும். ட்வைனையும் பேக்கேஜிங் என்ற லைப்ரரியையும் மேம்படுத்தினால் தீரும், உங்கள் கோப்பில் தவறில்லை.

0.4.1-ஐ அனுப்புமுன் ஓட்டவேண்டியது இவ்வளவே. துடைத்து பில்ட். ட்வைன் செக். ரெப்போவுக்கு வெளியே, டிஎம்பி போன்ற ஓர் இடத்தில் புது வர்ச்சுவல் என்விரான்மென்ட், அதில் வீலை மட்டும் நிறுவி இம்போர்ட் செய்து, பேக்கேஜின் ஃபைல் பண்பை அச்சிட்டு, பாதை சைட்-பேக்கேஜஸைக் காட்டுகிறதா என்று பார்ப்பது. அதே சூழலில் டெஸ்ட்களை ஓட்டுவது. இன்னொரு புதுச் சூழலில் எஸ்டிஸ்டுக்கும் இதையே செய்வது. இதை ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டிலும் ஓடும் சிஐ ஜாபாக வைத்தால் ரிலீஸ் நாளில் பதற வேண்டியதில்லை. டெஸ்ட்பைபிஐ-யில் ஒத்திகை பார்க்கலாம். அங்கிருந்து நிறுவும்போது நோ-டெப்ஸ் கொடுத்து, டிபென்டன்சிகளை உண்மையான பைபிஐ-யிலிருந்து முன்னமே நிறுவிக்கொள்ளுங்கள். இரண்டு இண்டெக்ஸையும் ஒன்றாகக் கொடுத்தால் டெஸ்ட்பைபிஐ-யில் யாரோ அதே பெயரில் போட்டு வைத்த வேறு பேக்கேஜ் உள்ளே வரலாம்.

டெபியன் லினக்ஸ், காண்டா-ஃபோர்ஜ் போன்ற வேறு பேக்கேஜ் களஞ்சியங்களின் பக்கம் உங்கள் லைப்ரரியை யாராவது கட்டித் தருகிறார்கள் என்றால் எஸ்டிஸ்டில் டெஸ்ட்களையும் லைசென்ஸ் கோப்பையும் விட்டுவைக்கப் பாருங்கள். வீலில் டெஸ்ட் வேண்டாம், எஸ்டிஸ்டில் வேண்டும். பில்ட் நேரத்தில் இணையத்திலிருந்து அகராதியை இறக்கும் வரி இருந்தால் டெபியனில் அது ஓடாது. காண்டா-ஃபோர்ஜ் போட் பைபிஐ-யில் புது வெர்ஷனைக் கண்டதும் தானே புல் ரிக்வெஸ்ட் திறக்கும். வெர்ஷன் எண்ணையும் ஹாஷையும் அது மாற்றிவிடும், 0.4.1-இல் டிபென்டன்சி எதையாவது சேர்த்திருந்தால் ரெசிபியில் (அங்கே பில்ட் செய்யச் சொல்லும் குறிப்புக் கோப்பு) அதைச் சேர்த்திருக்கிறதா என்று நீங்கள்தான் திறந்து பார்க்க வேண்டும்.